தீர்க்கப்பட்டது

அத்தியாயம் பதினொன்று

மாலை ஐந்து மணிக்கு மகளின் காதில் மாப்பிள்ளை வீட்டு நிச்சயத் தோடு ஏறப் போகிறது. காலை பத்து மணிக்கே அவளைப் பெற்ற ரபிகாவுக்கு, வரப்போகும் சம்பந்தியின் கழுத்தை நெரித்துவிடலாம் போலிருந்தது.

மூன்று வாரம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்தடித்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமைதான் அவள் இந்தச் சம்பந்தத்துக்குத் தலையாட்டியிருந்தாள். பையன் மிராஸ் மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் அப்பா ஜக்சிலிக் மேல்தான். ரபிகா தொலைபேசிப் பிரிவில் ஷிப்ட் தலைவியாக இருக்கும் அதே ஆம்புலன்ஸ் நிலையத்தில், மேல்மாடியில் இருந்த கணினிப் பிரிவுக்கு அவர் தலைவர். மகனும் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தான்.

சாரிபுலாக் நகரத்தில் முக்கால்வாசித் தெருக்களுக்கு இரண்டு பெயர். புதுப் பெயர் தெருமுனைப் பலகையில் இருக்கும், பழைய பெயர் ஜனங்களின் வாயில் இருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் எண் 103-க்கு போன் போடுகிறவன் பலகையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதில்லை. முன்பெல்லாம் சொன்ன பெயரைத் தாளில் குறித்து, வயர்லெஸ்ஸில் டிரைவரிடம் சொன்னால் போதும். அவனுக்குத் தெரியாத சந்து ஊரில் கிடையாது. போன வருடம் புது முறை வந்தது. கணினிப் பட்டியலில் இருக்கும் தெருவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுதான் வண்டியில் இருக்கும் திரைக்குப் போகும். வயர்லெஸ் கருவிகளை மேல்மாடிக்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டியலில் புதுப் பெயர்கள் மட்டும்தான்.

பழைய பெயர்களையும் சேருங்கள் என்று ரபிகா ஏழு மாதத்தில் பதினொரு புகார் போட்டாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளே உட்கார்ந்து நூற்று நாற்பத்திரண்டு தெருக்களின் பழைய பெயரையும் புதுப் பெயரையும் அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டினாள். போன வியாழக்கிழமை மேல்மாடியிலிருந்து ஆள் வந்து அதையும் கிழித்துக்கொண்டு போனான். சுவரில் தாள் ஒட்டுவது தகவல் பாதுகாப்பு விதிக்கு விரோதமாம்.

அதற்கான பலன் இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு வந்தது.

அழைப்பை எடுத்தவள் குல்தானா. முப்பத்தாறு வயது, மூன்று குழந்தைகள், புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலையில் மாதக்கணக்கில் வெளியூர். ஆனாலும் அந்த அறையில் அவளைப் போல நிதானமான குரல் வேறு யாருக்கும் கிடையாது. மறுமுனையில் ஒரு பெண் அழுதாள். வீட்டுக்காரருக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. தொழிற்சாலைத் தெரு, பதினேழாம் எண்.

தொழிற்சாலைத் தெருவுக்கு இப்போது பெரெகெ தெரு என்று பெயர். குல்தானாவுக்கு அது தெரியும். ஆனால் அவசரத்தில் காதில் விழுந்ததைக் கை தட்டிவிட்டது. நான்கு எழுத்து தட்டியதும் திரை உறைந்தது. பதினைந்து விநாடி அப்படியே நின்றது. உயிர் வந்ததும் பட்டியலில் முதலாவதாக இருந்த 'தொழிற்சாலைச் சந்து' என்பதைத் தானாகவே எடுத்துக்கொண்டு வண்டிக்கு அனுப்பிவிட்டது. அந்தச் சந்து ரயில் பாதைக்கு அந்தப்புறம், ஊரின் மறுகோடி.

"அக்கா, தப்பா போயிடுச்சு. மாத்துங்க," என்றாள் குல்தானா.

அனுப்பியதை ரத்து செய்ய ஷிப்ட் தலைவியின் ரகசிய எண் வேண்டும். ரபிகா பாய்ந்து வந்து தட்டினாள். எண் காலாவதியாகிவிட்டது என்றது திரை. மறுபடி தட்டினாள். மூன்றாவது தடவை அவளுடைய கணக்கையே பூட்டிவிட்டது. மேல்மாடிக்கு போன் போட்டாள். எடுத்தவன் நிதானமாகக் கேட்டுவிட்டு, புகார் போடுங்கள், வரிசைப்படி இரண்டு வேலை நாளுக்குள் பார்க்கிறோம் என்றான். புகாரையும் அதே பூட்டிய கணக்கிலிருந்துதான் போட வேண்டும் என்று அவள் சொன்னபோது, அப்படியானால் பூட்டைத் திறக்கச் சொல்லி முதலில் ஒரு புகார் போடுங்கள் என்றான்.

ரபிகா போனை வைத்துவிட்டுத் தன் சொந்தக் கைபேசியில் டிரைவரை அழைத்தாள். அவன் அதற்குள் ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் கேட் மூடிவிட்டது. நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில். வேறு வண்டி எதுவும் பக்கத்தில் இல்லை. அந்த நேரம் முழுவதும் குல்தானா அந்தப் பெண்ணைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டு, தலையை உயர்த்திப் படுக்க வையுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், இதோ வந்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். 'இதோ' முப்பத்தெட்டு நிமிடம் நீண்டது.

நோயாளியின் பெயர் ஓரின்பாசர். அறுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற லாரி டிரைவர். வண்டியோடு போன டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து ரபிகாவை அழைத்தார். உயிர் இருக்கிறது, ஆனால் வலது பக்கம் போய்விட்டது, பேச்சு வருமா என்று சொல்ல முடியாது என்றார். பத்து நிமிடத்தில் போய்ச் சேர வேண்டிய தூரம்தானே என்று மட்டும் கேட்டார்.

அவள் மாடிப்படி ஏறினாள்.

கணினிப் பிரிவின் கதவு எப்போதும் பூட்டித்தான் இருக்கும். மணி அடித்தாள், யாரும் வரவில்லை. கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே நின்றாள். கடைசியில் ஜக்சிலிக்கே வந்து திறந்தார். ஆள் பருமன், குரல் பஞ்சு. கையில் பால் ஊற்றிய தேநீர்க் கிண்ணம்.

"வாங்க சம்பந்தியம்மா. சாயங்காலம் நாங்கதான் உங்க வீட்டுக்கு வரணும், நீங்க முந்திக்கிட்டீங்களே," என்று சிரித்தார்.

ரபிகா உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், வருத்தமான விஷயம் என்றார். தெருப் பெயர்கள் நகராட்சியிலிருந்து வருகின்றன, அவர்கள் கடிதம் கொடுக்காமல் தன்னால் ஒரு எழுத்துகூடச் சேர்க்க முடியாது என்றார். அந்தக் கடிதத்தை யார் கேட்க வேண்டும் என்று அவள் கேட்டாள். எங்கள் பிரிவுதான் என்றார். கேட்டீர்களா என்றாள். யாரும் முறைப்படி புகார் கொடுக்கவில்லையே என்றார் அவர்.

"பதினொண்ணு கொடுத்திருக்கேன்."

ஜக்சிலிக் திரையைத் திருப்பிக் காட்டினார். பதினொன்றும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரே சொல்: 'தீர்க்கப்பட்டது.'

"எப்படித் தீர்த்தீங்க?"

"பதில் அனுப்பியாச்சுன்னா தீர்ந்ததா அர்த்தம். அதான் முறை."

"என்ன பதில்? 'கம்ப்யூட்டரை அணைச்சுப் போடவும்.' பதினொரு தடவையும் அதே பதில்தான். தெருப் பேர் இல்லன்னு நான் எழுதினா, அணைச்சுப் போட்டா பேர் முளைச்சு வருமா?"

அவர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தலைமை மருத்துவருக்கான அறிக்கை. கணினி முறை சரியாக வேலை செய்தது, பணியில் இருந்த குல்தானா கவனக்குறைவால் தவறான தெருவைத் தேர்ந்தெடுத்தார் என்று இருந்தது. கீழே ஷிப்ட் தலைவி கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

ரபிகா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினொரு புகாரைப் படிக்க ஏழு மாசமா உங்களுக்கு நேரமில்ல. இதை எழுத ஒரு மணி நேரம் போதுமா இருந்துச்சு."

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் பெரிசா வராது. ஒரு எச்சரிக்கைக் கடிதம், மிஞ்சினா கிடங்கு வேலைக்கு மாத்துவாங்க. நான் பாத்துக்கறேன்." குரலை இன்னும் இறக்கினார். "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு விசாரணை. அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. சாயங்காலம் பிள்ளைங்க விசேஷம். இந்த முகத்தோட நிக்காதீங்க சம்பந்தியம்மா."

தாளை வாங்கிக்கொண்டு கீழே வந்தாள். அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்காமல் வந்ததே பெரிது.

குல்தானா உடை மாற்றும் அறையில் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் அக்கா என்றாள். யாருக்காகவும் நீங்கள் சங்கடப்பட வேண்டாம், பெண்ணுக்கு நல்ல இடம் வந்திருக்கிறது என்றாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள் ரபிகா.

"தெரியும். உங்களுக்கு அது தர்மசங்கடம்னும் தெரியும். அதனாலதான் பெரிய டாக்டருக்கு எழுதின கடிதத்தை நீங்க கொடுக்கலைன்னு பேசிக்கறாங்க. நான் அப்படி நினைக்கலை."

சுரீரென்றது. அப்படித்தான் நடந்திருந்தது. புகார்களால் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்த பிறகு, ரபிகா போன வாரம் தலைமை மருத்துவருக்கு நேரடியாக மூன்று பக்கம் எழுதினாள். திரை உறைவது, தானாகத் தெருவை எடுத்துக்கொள்வது, ரத்து செய்ய முடியாதது எல்லாம் அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தத்துக்குச் சரி சொன்னாள். திங்கட்கிழமை அந்தக் கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டாள். கல்யாணம் முடியட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேல்மாடிக்காரர் மீது எரிந்த நெருப்பு இப்போது அவள் மேலேயே திரும்பியது. அவர் பதினொரு முறை பச்சை அடித்தார். பன்னிரண்டாவது பச்சை அவளே அடித்தது.

"கோட்டைக் கழட்டு," என்றாள். "நீ ஒண்ணும் எழுத வேண்டாம். எழுத வேண்டியது நான்."

கடிதத்தின் அடியில் இன்று காலை நடந்ததை, நிமிடம் நிமிடமாக, பேனாவால் எழுதிச் சேர்த்தாள். பதினொரு புகார் எண்களையும் தேதியோடு எழுதினாள். தலைமை மருத்துவர் வெளியூரில் இருந்தார், மறுநாள் விசாரணைக்குத்தான் வருவார். அவருடைய செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினாள். ஜக்சிலிக்கின் தாளைக் கையெழுத்து இல்லாமலே கூடவே வைத்தாள்.

வெளியே வரும்போது புருஷன் எர்மெக் போன் செய்தான். பஸ் பணிமனையில் மெக்கானிக். இன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்தே சமையலறையில் இருந்தான். குதிரைக்கறி வெந்துகொண்டிருக்கிறது, மாவு தேய்த்தாகிவிட்டது, வரும்போது புளித்த பாலாடை வாங்கி வா, ரெண்டு டப்பா, கொழுப்பு அதிகமுள்ளது என்று சொன்னான். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் ரபிகாவுக்கு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. பாலாடை வாங்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் வெங்காயம் நறுக்கும்போதுதான் சொன்னாள். எர்மெக் கரண்டியை வைத்துவிட்டு நின்றான்.

"இன்னைக்குத்தான் கொடுக்கணுமா அதை? நாளைக்குக் கொடுத்தா கெட்டுப் போயிடுமா?"

"நாளைக்கு ஒன்பது மணிக்கு அவளைத் தூக்கிடுவாங்க."

"இது நம்ம பொண்ணு வாழ்க்கை ரபிகா. உன் ஆபீஸ் இல்ல."

"அந்த ஓரின்பாசருக்கும் பொண்ணு இருக்கலாம். அவர்கிட்ட கேக்க முடியாது, பேச்சு போயிடுச்சு."

எர்மெக் மூடியைத் திறந்து கறியைப் பார்த்தான், மூடினான், மறுபடி திறந்தான். இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிரு, அவர்கள் போன பிறகு என்ன வேண்டுமானாலும் செய் என்று கெஞ்சினான். ரபிகா சரி என்றாள். உண்மையிலேயே அப்படித்தான் இருக்க நினைத்தாள்.

மகள் இன்ஜு ஹேர்பின் தேடிக்கொண்டு உள்ளே வந்தாள். பல் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம். நீல நிறப் பட்டுச் சட்டை போட்டிருந்தாள். அம்மாவின் கத்தி பலகையில் விழும் வேகத்தைப் பார்த்தாள்.

"யாரை நறுக்கறே நீ?"

"வெங்காயத்தை."

"வெங்காயம் செத்து ரொம்ப நேரமாச்சும்மா," என்றாள் இன்ஜு. போகும்போது அப்பாவின் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஐந்து மணிக்குச் சரியாக வந்தார்கள். ஜக்சிலிக், அவர் மனைவி மாக்பால், மிராஸ், மாக்பாலின் அண்ணன் ஒருவர். மாக்பால் அதிகம் பேசாத பெண்மணி. வந்ததும் ரபிகாவின் இரண்டு கன்னத்திலும் கன்னம் வைத்துவிட்டு, மடியில் ஒரு சின்னப் பெட்டியோடு உட்கார்ந்தாள். தேநீர் வந்தது, பொரித்த மாவுருண்டை வந்தது. எர்மெக் ஓடி ஓடிக் கவனித்தான். ரபிகாவும் சிரித்தாள். கன்னம் வலித்தது.

பிறகு எர்மெக் ஈரலும் செம்மறியாட்டு வால்கொழுப்பும் வைத்த தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். சம்பந்திகள் ஒருவருக்கொருவர் கையால் ஊட்டிவிட்டால் உறவு முடிவானது. பிறகு யாரும் பின்வாங்க முடியாது. முதலில் தோடு, பிறகு தட்டு என்றார் மாக்பாலின் அண்ணன்.

மாக்பால் பெட்டியைத் திறந்தாள். சிவப்புக் கல் வைத்த வெள்ளித் தோடுகள். இன்ஜுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முடியை ஒதுக்கி, வலது காதில் ஒன்றைப் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜக்சிலிக் ரபிகாவின் பக்கம் சாய்ந்தார். எல்லாருக்கும் கேட்கிற ரகசியக் குரலில் பேசினார்.

"சம்பந்தியம்மா வேலையில நெருப்பு. செயலாளர் எனக்கு போன் பண்ணிச் சொன்னாங்க. நான் பெரிசா எடுத்துக்கலை. நாளைக்கு ஒன்பது மணிக்கு முன்னால அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிடுங்க. இனிமே குடும்பத்துக்குள்ள இருக்கற விஷயம். ஒரு டெலிபோன் எடுக்கறவளுக்காக நாம ஏன் மனஸ்தாபப்படணும்?"

எர்மெக் கண்ணாலேயே மனைவியைக் கெஞ்சினான். ரபிகா தட்டைப் பார்த்தாள்.

"அந்த டெலிபோன் எடுக்கறவ பேரு குல்தானா," என்றாள். குரல் உயரவில்லை. "முப்பத்தெட்டு நிமிஷம் ஒரு பொம்பளை அழறதைக் கேட்டுக்கிட்டே இருந்தா அவ. உங்க பிரிவுல ஒருத்தர்கூட ஒரு நிமிஷம் கேக்கலை. உங்க பேருக்கு நன்மைன்னு அர்த்தம் சம்பந்தி. பேரோடயே நின்னு போச்சு. கடிதத்தை நான் திரும்ப வாங்க மாட்டேன். தப்பு எங்க பிரிவுலதான்னு நீங்க இப்பவே குல்தானாவுக்கு போன் போட்டுச் சொல்லுங்க. சொல்லிட்டா இந்தத் தட்டுலேர்ந்து முதல் வாய் நானே ஊட்டறேன்."

ஜக்சிலிக்கின் பஞ்சுக் குரல் முதல்முறையாகக் கெட்டியானது. விருந்துக்கு வந்த இடத்தில் என்னை விசாரிக்கிறீர்களா என்றார். எர்மெக் நடுவில் புகுந்து, வேலை வேறு உறவு வேறு, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றான். மாக்பாலின் கையில் இரண்டாவது தோடு அப்படியே நின்றது.

இன்ஜுதான் பேசினாள். அம்மாவிடம் இல்லை, எதிரே உட்கார்ந்திருந்த மிராஸிடம்.

"அம்மா ஏழு மாசமா புகார் போட்டதா சொல்லுவாங்க. எல்லாத்தையும் தீர்ந்ததுன்னு மூடிடறாங்கன்னு தினமும் புலம்புவாங்க. யார் மூடினது மிராஸ்?"

மிராஸின் காது சிவந்தது. அப்பாவைப் பார்த்தான். அவர் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தார்.

"நான்தான்," என்றான். "புதுசா சேர்ந்தவங்களுக்கு அதான் வேலை. மாசக் கடைசியில திறந்த புகார் ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லுவாரு. நான் படிக்கக்கூட மாட்டேன். மொத்தமா தேர்ந்தெடுத்து ஒரே அழுத்து." நிறுத்திவிட்டு, "அது அத்தையோடதுன்னு எனக்குத் தெரியாது," என்றான்.

"யாரோடதா இருந்தா என்ன?" என்றாள் இன்ஜு.

மிராஸ் கையிலிருந்த வண்டிச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

இன்ஜு மாக்பாலின் விரல்களிலிருந்து அந்தத் தோட்டை மெதுவாக எடுத்தாள். வலது காதில் இருந்ததைக் கழற்றவில்லை. "தப்பா நினைக்காதீங்க அத்தை," என்றாள். பிறகு மிராஸிடம் திரும்பினாள். "இப்ப சொன்னதை நாளைக்கு ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர்கிட்ட சொல்லு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. சாயங்காலம் வந்து இதை நீயே எடுத்துக் கொடு. உங்கம்மா போட்டுவிடட்டும்."

ஜக்சிலிக் எழுந்தார். நரித்தோல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். இனி இந்த வீட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேன் என்று மச்சானிடம் சொன்னார், ரபிகாவின் பக்கம் திரும்பாமலே.

"மிராஸ், வண்டியை எடு."

மிராஸ் எழுந்தான். சாவி கையில் இருந்தது. வாசல்வரை போனவன் நின்று, ரபிகாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெளியிலிருந்து அப்பா மறுபடி கூப்பிட்டார். அவன் போய்விட்டான்.

மாக்பால் கடைசியாக எழுந்தாள். கோட்டு பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். போகும்போது இன்ஜுவின் முன் ஒரு கணம் நின்று, தோடு இருந்த அவள் உள்ளங்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து மூடினாள்.

"பத்திரமா வச்சிரும்மா," என்று மட்டும் சொன்னாள்.